உறுதி சொல்ல இரண்டு பேர்

மெக்கானிக்கிடமிருந்து காரைத் திரும்ப வாங்கும்போது, மாற்றியதாகச் சொன்ன பழைய பாகத்தைக் கண்ணால் பார்த்த பிறகுதான் நோரீன் பாவ்லிக் சாவியைக் கையில் வாங்குவாள். இறைச்சிக் கடையில் ஹாம் நறுக்கித் தரும் பெண்ணின் விரல் தராசில் படுகிறதா என்று எட்டிப் பார்ப்பாள். பாதிரியார் பிரசங்கத்தில் யாரையாவது புகழ்ந்தால், அந்த வீட்டில் இவருக்கு என்ன காரியம் ஆக வேண்டியிருக்கிறது என்று யோசிப்பாள். மற்றபடி கெட்டவள் என்று அவளை யாரும் சொன்னதில்லை. சந்தேகப்படுவது அவளுக்குக் கண் சிமிட்டுவது மாதிரி, தன்னால் நடப்பது.

பென்சில்வேனியாவின் மேற்கு ஓரத்தில், சுரங்கங்கள் மூடிப்போன ஹேசல் ரன் என்ற ஊரில் இருந்தாள். வயது ஐம்பத்தொன்பது. கணவன் வின்ஸ் இறந்து நாலு வருஷமாகியிருந்தது. பிள்ளைகள் இல்லை. ஒரு சின்னப் பரிசோதனைக்கூடத்துக்காக, வீட்டை விட்டு வெளியே வர முடியாத நோயாளிகளின் வீட்டுக்கே போய் ரத்தம் எடுத்து வருவது அவள் வேலை. இருபத்திரண்டு வருஷமாக அதைத்தான் செய்து வந்தாள். மற்றவர்கள் நாலு தடவை குத்தித் தேடும் நரம்பை, நோரீன் கண்ணை மூடிக்கொண்டு விரல் நுனியால் கண்டுபிடித்துவிடுவாள். அதனால் மலை மேட்டில் தனித்தனியாக இருக்கும் வீடுகளெல்லாம் அவள் தலையில்தான் விழும்.

அந்த வருஷம் பிப்ரவரி கடைசியில் கல்குவாரி சாலையில் புதிதாக ஒரு முகவரி கொடுத்தார்கள். நாற்பது வயதுக்காரன் ஒருவன் கதவைத் திறந்தான். அவள் உள்ளே வந்ததும் தாழ்ப்பாளைப் போட்டான். உட்காரச் சொல்லாமல் அவள் கையிலிருந்த பையைப் பிடுங்கி மேஜையில் கொட்டி, மாத்திரை எங்கே, ஊசி மருந்து எங்கே என்று கேட்டான். காலிக் குழாய்களும் பஞ்சும் கையில் கட்டும் ரப்பர் பட்டையும்தான் இருந்தன. ஒவ்வொன்றாக எடுத்து வெளிச்சத்தில் பார்த்தான். பத்து நிமிஷம் போனது. பிறகு ஒரு வார்த்தை பேசாமல் தாழ்ப்பாளைத் திறந்து விட்டான். அவள் மேல் ஒரு விரல்கூடப் படவில்லை. ஆனால் காரில் வந்து உட்கார்ந்தவளுக்குச் சாவித் துவாரம் எங்கே இருக்கிறது என்று தெரியவில்லை.

பரிசோதனைக்கூடத்தில் சொன்னாள். மேலாளர் அந்த முகவரியை எடுத்துவிட்டு, இனி ஜாக்கிரதையாக இருக்கச் சொன்னார். எப்படி என்று அவர் சொல்லவில்லை.

அடுத்த வாரத்தில்தான் அந்தச் சாம்பல் நிற பிக்கப் வண்டி அவள் கண்ணில் பட்டது.

முதல் தடவை பார்த்தது ரஸ்ஸல் கிம்மல் வீட்டுக்குப் போகும் வழியில். ரஸ்ஸல் பழைய சுரங்கத் தொழிலாளி. கூரை சரிந்து முதுகு போனதால் இன்ஷூரன்ஸ் கம்பெனி மாதாமாதம் கொடுக்கும் நஷ்டஈட்டில் வாழ்கிறவர். போதாததற்கு இதய வால்வு மாற்றியிருந்தார்கள். ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுவதால் செவ்வாயும் வெள்ளியும் ரத்தம் பார்க்க வேண்டும். செவ்வாய்க்கிழமை அவர் வீட்டுத் திருப்பத்தில், பனி உருகிய சேற்றில் அந்த வண்டி நின்றிருந்தது. உள்ளே தொப்பி போட்ட ஒருவன். வெள்ளிக்கிழமை அதே இடம், அதே வண்டி. அன்று அவள் கிளம்பி பெட்ரோல் போட நிறுத்தினால், எதிர்ப்பக்கம் மெதுவாக ஓட்டிக்கொண்டு போனான். அவள் வண்டி நம்பரைக் கையிலேயே எழுதிக்கொண்டாள். அடுத்த வாரம் மருந்துக்கடை வாசலில் மறுபடியும் அதே நம்பர்.

கல்குவாரி சாலைக்காரனுடைய கூட்டாளியாக இருக்கும் என்று நினைத்தாள். பரிசோதனைக்கூடத்தில் யாரோ தன் வழித்தடத்தை விற்றிருப்பார்கள் என்றும் தோன்றியது. மேலாளர் அன்று அவ்வளவு அமைதியாகப் பேசியதே இப்போது உறுத்தியது. வழக்கமாகப் போகும் வழியை மாற்றினாள். இரண்டு தெரு சுற்றி வீட்டுக்கு வந்தாள். வந்த பிறகு ஜன்னல் திரையை விரலகலம் விலக்கிக் கால்மணி நேரம் தெருவைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

வின்ஸுடைய தம்பி எமில்தான் துப்பாக்கிப் பேச்சை எடுத்தவன். இரும்புக்கடை வைத்திருக்கிறான், பேசினால் நிறுத்தமாட்டான். போலீஸில் சொன்னாயா என்று கேட்டான். சொன்னேன், பொது இடத்தில் வண்டி நிறுத்துவது குற்றமில்லை என்றார்கள் என்றாள்.

"பாத்தியா. உனக்கு ஏதாவது ஆனதுக்கு அப்புறம் வந்து உன்னைச் சுத்தி சாக்பீஸால கோடு போடுவாங்க. அவ்வளவுதான் அவங்களால முடியும்" என்றான் எமில். "ஷெரிப் ஆபீஸுக்குப் போய் கைத்துப்பாக்கி லைசென்ஸுக்கு எழுதிக் குடு. கோட்டுக்குள்ள ஒண்ணு இருந்தா உன் நடையே மாறிடும். அந்த நடையைப் பாத்தாலே எவனும் கிட்ட வரமாட்டான்."

நோரீன் வீட்டில் துப்பாக்கி புதிதல்ல. வின்ஸ் வருஷாவருஷம் மான் வேட்டைக்குப் போனவன். அவனுடைய நீளத் துப்பாக்கிகள் இன்னும் அடித்தளத்து அலமாரியில் இருந்தன. ஆனால் உடம்போடு ஒட்டிக்கொண்டு, அடுத்தவருக்குத் தெரியாமல், நோயாளி படுத்திருக்கும் அறைக்குள் ஒன்றைக் கொண்டு போவது வேறு விஷயம். அதைப் பற்றி யோசிக்க வேண்டும் என்றாள். யோசிக்கும்போதே கையும் பழகட்டும் என்று எமில் அவளை ஒரு சனிக்கிழமை சுடும் மைதானத்துக்குக் கூட்டிக்கொண்டு போனான்.

அங்கே அவளே எதிர்பாராத ஒன்று நடந்தது. அவள் நன்றாகச் சுட்டாள். நரம்பு தேடித் தேடி நிதானப்பட்ட கை அது. காகிதத்தில் வரைந்த மனிதனுடைய நெஞ்சில் ஆறு ஓட்டையும் ஒரு சாஸருக்குள் அடங்கின. பக்கத்து வரிசையில் நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். எமில் அந்தக் காகிதத்தைச் சுருட்டிக் கடையில் மாட்டப்போவதாகச் சொன்னான். வீட்டுக்கு வரும் வழியில் பிக்கப் வண்டியின் நினைவே அவளுக்கு வரவில்லை. அது நல்லதா கெட்டதா என்று அவளால் முடிவு கட்ட முடியவில்லை. எமில் தன்னுடைய சின்னக் கைத்துப்பாக்கியை, லைசென்ஸ் வரும்வரை வீட்டோடு வைத்துக்கொள் என்று கொடுத்துவிட்டுப் போனான். அதை அவள் சமையலறை இழுப்பறையில் துணிகளுக்கு அடியில் வைத்தாள். பிறகு ரொட்டி டப்பாவுக்குப் பின்னால் மாற்றினாள். தூங்கப் போகுமுன் மறுபடியும் இழுப்பறைக்கே மாற்றினாள்.

ஷெரிப் ஆபீஸில் படிவம் சிறியதாகத்தான் இருந்தது. பெயர், முகவரி, குற்றம் செய்தது உண்டா, புத்தி பேதலித்தது உண்டா, எதற்காக வேண்டும். அதற்கெல்லாம் ஒரு மூச்சில் எழுதிவிட்டாள். கடைசிப் பகுதியில் பேனா நின்றது. உங்களை நன்றாக அறிந்த, உறவினரல்லாத இரண்டு பேருடைய பெயரும் தொலைபேசி எண்ணும். அவர்களைக் கூப்பிட்டு, இவள் எப்படிப்பட்டவள் என்று விசாரிப்பார்கள்.

எமில் உறவு, அவனைப் போட முடியாது. படிவத்தை வீட்டுக்குக் கொண்டுவந்து யோசித்தாள். யாரையும் முழுதாக நம்பாமல் ஐம்பத்தொன்பது வயதுவரை வந்தவளுக்கு, தன்னை முழுதாக நம்பக்கூடியவர்கள் யார் என்று இப்போதுதான் தேட வேண்டியிருந்தது.

முதல் பெயர் சுலபமாகக் கிடைத்தது. வெள்ளிக்கிழமை ரஸ்ஸல் கையில் பட்டையைக் கட்டும்போது கேட்டாள். அவள் நர்ஸ் இல்லை என்று பலமுறை சொல்லியும், நர்சம்மா என்றுதான் அவர் கூப்பிடுவார்.

"தாராளமா போடு நர்சம்மா. என்னை யாரு கூப்பிடறா? மருந்துக்கடைல இருந்து வர்ற மெஷின் குரல் மட்டும்தான். ஷெரிப் கூப்பிட்டா அரைமணி நேரம் பேசுவேன். வாரத்துல ரெண்டு தடவை என்னைக் குத்தறா, ஒரு தடவைகூட வலிச்சதில்லை, இதைவிட நிதானமான பொம்பளை வேணுமான்னு கேப்பேன்."

அவருடைய மனைவி டாட்டி அடுப்பருகிலிருந்து சிரித்தாள். வெளியே திருப்பத்தில் அன்றும் அந்த வண்டி நின்றது.

இரண்டாவது பெயர் லூடி ஹட்னிக். இதில் யோசிக்க ஒன்றுமில்லை என்றுதான் நோரீன் நினைத்தாள். முப்பத்தோரு வருஷத்துச் சிநேகம். லூடி பள்ளிக்கூட பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவள். நாற்பது பிள்ளைகளைப் பின்னால் வைத்துக்கொண்டு பனிச்சரிவில் பஸ்ஸை இறக்கியவளுக்குக் குரலும் அதற்கேற்ற மாதிரிதான் இருக்கும். தவக்காலத்தில் வியாழக்கிழமை தோறும் சர்ச் கூடத்துச் சமையலறையில் பெண்கள் கூடி, மறுநாள் விற்பனைக்குப் பியரோகி என்ற கொழுக்கட்டைகளை மடிப்பார்கள். நோரீன் அங்கே போய் லூடியின் பக்கத்தில் நின்று, உருளைக்கிழங்கு உருண்டையை மாவு வட்டத்தில் வைத்து ஓரத்தை ஒட்டிக்கொண்டே விஷயத்தைச் சொன்னாள். உன் பெயரை எழுதிக்கொள்கிறேன் என்றாள். அதைக் கேள்வியாகக்கூட அவள் கேட்கவில்லை.

லூடி கையிலிருந்ததை ஒட்டி முடித்துத் தட்டில் வைத்தாள்.

"என் பேரைப் போடாதே நோரீன்."

நோரீன் சிரித்தாள். லூடி சிரிக்கவில்லை.

"அவங்க போன் பண்ணி, இவ எப்படிப்பட்ட ஆளுன்னு கேட்டா நான் என்னடி சொல்றது?"

"முப்பத்தோரு வருஷமா தெரியும்னு சொல்லு."

"தெரிஞ்சதாலதான் சொல்றேன். வின்ஸ் செத்த மாசம், உனக்கு சூப் வெச்சு எடுத்துக்கிட்டு பின்வாசலுக்கு வந்தேன். நீ குடுத்த சாவிதான். திரும்பல. பூட்டையே மாத்திட்டே, எனக்கு ஒரு வார்த்தை சொல்லல. சூப்பைப் படியில வெச்சிட்டு வந்தேன். ஏன் மாத்தினேன்னு இத்தனை நாள்ல நான் கேட்டேனா?"

நோரீனின் கையில் மாவு காய ஆரம்பித்திருந்தது.

"என்னையே வேண்டாம்னு நெனச்சவ நீ. உன் கையில துப்பாக்கி இருந்தா, உன் வீட்டுக் கதவைத் தட்டறதுக்கு முன்னாடி நான் ரெண்டு தடவை யோசிப்பேன். அப்படி யோசிச்சுக்கிட்டே, இவ தங்கமான ஆளுன்னு ஷெரிப்கிட்ட எப்படிச் சொல்றது? பொய் சொல்லிப் பழக்கமில்லை எனக்கு."

மேஜையைச் சுற்றி நின்ற மற்றப் பெண்கள் குனிந்த தலை நிமிராமல் மாவை ஒட்டிக்கொண்டிருந்தார்கள். நோரீன் கையைக் கழுவி, கோட்டை மாட்டிக்கொண்டு வெளியே வந்தாள்.

பூட்டை மாற்றியதற்குக் காரணம் இருந்தது. வின்ஸின் கைக்கடிகாரம் அந்த மாதம் காணாமல் போனது. வீட்டுச் சாவி வைத்திருந்தவள் லூடி ஒருத்திதான். ஆறு மாதம் கழித்து, தர்மத்துக்குக் கொடுக்க எடுத்து வைத்த வின்ஸின் வேட்டைக் கோட்டு உள்பையில் கடிகாரம் கிடைத்தது. அதை யாரிடமும் நோரீன் சொல்லவில்லை. புதுச் சாவியையும் கொடுக்கவில்லை. கொடுத்தால் ஏன் மாற்றினாய் என்ற பேச்சு வரும்.

வெட்கப்பட வேண்டிய நேரத்தில் அவளுக்குக் கோபம்தான் வந்தது. லூடிக்கு எப்படி மனசு வந்தது என்று இரண்டு நாள் நினைத்தாள். அப்புறம், லூடி தன்னைப் பற்றி ஊரில் என்னவெல்லாம் பேசியிருப்பாள் என்று நினைத்தாள். அந்தப் பெண்கள் நிமிராமல் நின்றதைப் பார்த்தால் எல்லாருக்கும் முன்னமே தெரிந்திருக்க வேண்டும். கடைசியில், கல்குவாரி சாலையில் நடந்ததை லூடியிடம் மட்டும்தானே முழுதாகச் சொன்னோம், அது எங்கே போய்ச் சேர்ந்ததோ என்பது வரை போனது.

சனிக்கிழமை மத்தியானம் சூப்பர் மார்க்கெட்டில் சாமான் வாங்கிக்கொண்டு தள்ளுவண்டியோடு வெளியே வந்தாள். நல்ல வெயில். கார்கள் நிற்கும் இடத்தில், அவளுடைய காருக்கு மூன்று கார் தள்ளிச் சாம்பல் நிற பிக்கப் நின்றிருந்தது. இன்ஜின் ஓடிக்கொண்டிருந்தது.

இத்தனை நாள் பயந்தது போதும் என்று தோன்றியதோ, இல்லை லூடி மேல் இருந்த கோபம் இங்கே திரும்பியதோ, தன் காரைத் தாண்டித் தள்ளுவண்டியை நேராக அவனை நோக்கித் தள்ளினாள். வலது கையைக் கைப்பைக்குள் விட்டுப் போனைப் பிடித்துக்கொண்டாள். படம் எடுத்துவிடலாம் என்பது எண்ணம். அவள் வருவதைப் பார்த்து அவன் கதவைத் திறந்து இறங்கினான். ஐம்பது வயதிருக்கும், கனத்த உடம்பு, காதுவரை இழுத்த தொப்பி.

"என் பின்னாடியே எதுக்கு வர்றீங்க?" என்று நோரீன் உரக்கக் கேட்டாள்.

அவன் கண் அவள் முகத்தில் இல்லை, கைப்பையில் இருந்தது. அவனுடைய வலது கை மெதுவாக ஜாக்கெட்டை ஒதுக்கி இடுப்புக்குப் போனது. அங்கே கறுப்பாக ஒரு பிடி தெரிந்தது.

"மேடம், கையை மெதுவா வெளியே எடுங்க."

"நீங்க எடுங்க."

"மேடம், தயவு செஞ்சு."

அவன் கீழுதடு துடிப்பதை அவள் பார்த்தாள். தன்னைவிட இவன் பயந்திருக்கிறான் என்று ஒரு நொடியில் புரிந்தது. அது அவளுக்குத் தைரியம் தரவில்லை. பிடியின் மேல் இருந்தது பயந்தவனுடைய விரல். அவள் விரல் விரலாகக் கையை வெளியே எடுத்துப் போனைக் காட்டினாள்.

அவன் அப்படியே வண்டியின் பக்கவாட்டில் சாய்ந்துகொண்டான். இடுப்பிலிருந்து கையை எடுத்து முகத்தைத் துடைத்தான்.

பெயர் டெல் ஹார்ப்ஸ்டர் என்றான். ஒரு இன்ஷூரன்ஸ் கம்பெனிக்காக விசாரணை செய்கிறவன். நஷ்டஈடு வாங்குகிற ஆட்கள் சொன்னபடி முடங்கித்தான் கிடக்கிறார்களா என்று தூரத்திலிருந்து படம் பிடிப்பது அவன் தொழில். கிம்மல் வீட்டைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான். ரத்தம் எடுக்கிற நாளில் ரஸ்ஸல் தவறாமல் வீட்டில் இருப்பார், வாசல்வரை வந்து வழியனுப்புவார் என்பதால் செவ்வாயும் வெள்ளியும் வந்தான். வாரத்துக்கு இரண்டு தடவை பையோடு வந்து போகும் பெண் யார், ரஸ்ஸல் மறைவாக ஏதாவது வியாபாரம் செய்கிறாரா என்று பார்ப்பதற்காக அவள் பின்னால் நாலைந்து தடவை போனது உண்மை. அவன் ஒரு அட்டையைக் கொடுத்தான். நோரீன் அதிலிருந்த நம்பரை நம்பவில்லை. அவனை அங்கேயே நிற்க வைத்து, கம்பெனியின் நம்பரைத் தானே தேடி எடுத்து, அப்படி ஒருவன் உண்டா என்று கேட்ட பிறகுதான் போனை உள்ளே வைத்தாள்.

"மூணு வாரமா என் வண்டி நம்பரை எழுதிக்கிறீங்க. வழியை மாத்தி மாத்திப் போறீங்க. கிம்மல் வெச்ச ஆளுன்னு நெனச்சேன். இன்னைக்கு நேரா வந்தீங்களா, கை வேற பைக்குள்ள இருந்துச்சா..." அவன் முடிக்கவில்லை. "லைசென்ஸ் இருக்கா உங்ககிட்ட?"

"இல்லை. வாங்கலாமான்னு பாத்துக்கிட்டிருக்கேன்."

"நான் பதினோரு வருஷமா வெச்சிருக்கேன். இன்னைக்குத்தான் முதல் தடவையா கை அங்க போச்சு. ரத்தம் எடுக்கிற ஒரு அம்மா மேல." சிரிக்கப் பார்த்தான், வரவில்லை.

இருந்தாலும் தொழிலை விடவில்லை. வந்ததற்கு ஒரு கேள்வி என்று கேட்டான்: அந்த ஆள் குனிந்து கனமாக ஏதாவது தூக்கி நீங்கள் பார்த்ததுண்டா? ஜனவரியில் ஒரு நாள், வாசல் பனியில் தூவும் உப்பு மூட்டையை ரஸ்ஸல் தோளில் தூக்கிக்கொண்டு போனதை நோரீன் பார்த்திருந்தாள். நன்றாகவே பார்த்திருந்தாள்.

"நான் நரம்பை மட்டும்தான் பாக்கறது" என்று சொல்லிவிட்டுத் தள்ளுவண்டியைத் திருப்பினாள்.

காரில் உட்கார்ந்து கதவைப் பூட்டிக்கொண்டாள். சாமான் பையில் ஐஸ்கிரீம் உருகியது. பைக்குள் போனுக்குப் பதிலாக எமிலுடைய துப்பாக்கி இருந்திருந்தால் என்று யோசித்தாள். இருந்திருந்தால் இன்னும் வேகமாக நடந்து வந்திருப்பாள். அவன் ஜாக்கெட்டை ஒதுக்கிய நொடியில் அவள் கை வெளியே வந்திருக்கும். அந்தத் தூரத்தில் குறி தப்பாது. அவ்வளவு நன்றாகச் சுடுகிறவள் அவள். அவன் கம்பெனிக்காரன் என்பது அப்புறம்தான் தெரியவந்திருக்கும்.

செவ்வாய்க்கிழமை ரஸ்ஸலிடம் விஷயத்தைச் சொன்னாள். சொல்லலாமா கூடாதா என்று வழியெல்லாம் தர்க்கம் செய்துகொண்டு வந்துதான் சொன்னாள்.

"அந்தச் சாம்பல் வண்டியா?" என்றார் ரஸ்ஸல். "அது உன் ஆளு வண்டின்னுல்ல நெனச்சேன். நீ வந்தா வருது, நீ போனா போகுது. நர்சம்மாவுக்கு ஒருத்தன் கிடைச்சிருக்கான், உள்ள வர வெக்கப்படறான்னு டாட்டிகிட்ட சொல்லிக்கிட்டிருந்தேன்."

பிறகு அவர் முகம் மாறியது. என்ன கேட்டான், நீ என்ன சொன்னாய் என்றார். அவள் சொன்னாள்.

"உப்பு மூட்டையை நீ பாத்தேதானே."

"பாத்தேன்."

"அதுக்கப்புறம் நாலு நாள் நான் படுக்கையை விட்டு எழுந்திருக்கல. அதை நீ பாக்கல."

இருக்கலாம். இல்லாமலும் இருக்கலாம். டாட்டி அடுப்பருகில் திரும்பாமல் நின்றாள். அந்த வீட்டில் முதல்முறையாக, ஊசி குத்தியபோது ரஸ்ஸல் கையை லேசாக இழுத்துக்கொண்டார். ஆனால் அவள் கிளம்பும்போது, படிவத்திலிருந்து என் பெயரை எடுத்துவிடாதே, ஷெரிப்போடு பேச ஆசையாக இருக்கிறது என்று பழைய மாதிரி சொல்லி அனுப்பினார்.

லூடி வீட்டுக்குப் போவதற்கு அவளுக்கு மேலும் ஐந்து நாள் ஆனது. ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்த பிறகு போனாள். சமையலறையில் உட்கார்ந்து, முதலில் கடிகாரத்தைப் பற்றிச் சொன்னாள். காணாமல் போனது, யாரை நினைத்தது, எங்கே கிடைத்தது, எத்தனை நாளாக மறைத்தது எல்லாவற்றையும். லூடி காபி ஊற்றிக்கொண்டே கேட்டாள்.

"கடிகாரம்தானா?" என்றாள் கடைசியில். "நான் வின்ஸ் மேல கண்ணு வெச்சேன்னு நெனச்சியோன்னு இத்தனை வருஷமா குழம்பிக்கிட்டிருந்தேன்டி."

நோரீனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. லூடி உடனே சிரிக்கவில்லை. கொஞ்ச நேரம் அவளை அப்படியே விட்டுவிட்டுத்தான் சிரித்தாள்.

பிறகு பிக்கப் கதை, இடுப்புக்குப் போன கை, நடுங்கிய உதடு எல்லாம் வந்தது. எல்லாம் முடிந்ததும் லூடி, சரி, அதை விடு, கல்குவாரி சாலையில் அவன் தாழ்ப்பாள் போட்டானே, அங்கே உன்னிடம் துப்பாக்கி இருந்திருந்தால் என்று கேட்டாள். அதுதான் நோரீனைத் தூங்கவிடாமல் வைத்திருந்த கேள்வி. அதற்காகத்தானே லைசென்ஸ் என்றாள் நோரீன்.

"எங்க வெச்சிருப்பே?"

"பையிலதான். வேற எங்க?"

"அவன் முதல்ல எதைப் புடுங்கினான்?"

நோரீன் கோப்பையைக் கீழே வைத்தாள். இதை அவள் ஒரு தடவைகூட யோசித்திருக்கவில்லை.

"இன்னமும் வேணும்னா படிவத்தைக் கொண்டா, என் பேரை எழுதிக்கோ. கூப்பிட்டுக் கேட்டா எல்லாத்தையும் சொல்லுவேன், பூட்டு, கடிகாரம், இப்ப நீ வந்து உக்காந்து அழுதது வரைக்கும். அப்புறம் அவங்க பாடு, உன் பாடு" என்றாள் லூடி.

அழவில்லை என்று நோரீன் மறுத்தாள். படிவத்தைக் கொண்டுபோகவும் இல்லை.

எமிலுக்கு அது பிடிக்கவில்லை. துப்பாக்கியைத் திருப்பிக் கொடுத்தபோது, உனக்கு ஏதாவது ஆனால் நான்தானே வின்ஸுக்குப் பதில் சொல்ல வேண்டும் என்றான். அவன் சொன்னதில் தப்பில்லை. இடுப்பில் மாட்டிக்கொள்ளலாம், பையில் எதற்கு என்றான். இடுப்பில் அதை வைத்துக்கொண்டு கிழவர்களின் படுக்கை மேல் குனிய முடியாது என்றாள். அவனுடைய மனைவியிடம் லைசென்ஸ் இருக்கிறது, அவள் பத்திரமாகத்தான் இருக்கிறாள் என்றான். அவள் என்னைப் போல இல்லையே எமில் என்றாள் நோரீன். பேச்சை நிறுத்தாத எமில் அன்று நிறுத்தினான்.

அதோடு பயம் போய்விடவில்லை. அதற்கு ஏதாவது செய்தாக வேண்டும். நோரீன் பரிசோதனைக்கூடத்து மேலாளரிடம் போய், புது முகவரி எதற்கும் இனிமேல் தனியாகப் போவதில்லை என்றாள். அவர் ஆள் இல்லை என்றார். அப்படியானால் மலை மேட்டு வீடுகளுக்கு நீங்களே போய் நரம்பைத் தேடுங்கள் என்று சொல்லிவிட்டு இரண்டு நாள் வீட்டில் உட்கார்ந்தாள். மூன்றாம் நாள் கூப்பிட்டார்கள். புது வீடுகளுக்குப் போகும் நாளில் மட்டும் வண்டி ஓட்ட ஒரு ஆளைப் போட ஒத்துக்கொண்டார்கள். பஸ் ஓட்டி ஓய்வு பெற்ற லூடிக்கு வீட்டில் சும்மா உட்கார்ந்து அலுத்துப்போயிருந்தது.

ரஸ்ஸலின் நஷ்டஈட்டை அந்தக் கோடையில் பாதியாகக் குறைத்தார்கள். உப்பு மூட்டைக்கு வேறு சாட்சி கிடைத்ததா, ஹார்ப்ஸ்டரின் கேமராவில் வேறு ஏதாவது விழுந்ததா, யாருக்கும் தெரியாது. நான் சொல்லவில்லை என்று நோரீன் ஒரு தடவை சொன்னாள். அவர் தெரியும் என்றார். தெரியும் என்று அவர் சொன்ன விதத்தை வைத்து அவர் நம்பவில்லை என்று அவளுக்குத் தோன்றியது. அதற்கு அவள் தலையசைத்த விதத்தைப் பார்த்து அவருக்கும் ஏதோ தோன்றியிருக்கும். ஆனாலும் கடைசிவரை வேறு யாரையும் அவர் ஊசி குத்த விடவில்லை.

நோரீன் மேலும் நாலு வருஷம் அந்த வேலையில் இருந்தாள். இரண்டு பெண்களும் லூடியின் காரில் மேடேறிப் போவதை ஊர் பார்த்துப் பழகியது. போன வீடுகளில் ஒன்றிரண்டில் வாசலோடு திரும்பி வந்ததும் உண்டு. திறந்தவன் முகம் லூடிக்குப் பிடிக்காவிட்டால், பெயர் தப்பு என்று சொல்லி நோரீனை இழுத்துக்கொண்டு வந்துவிடுவாள். அதற்காக மேலாளர் திட்டினால் இருவரும் சேர்ந்து திட்டு வாங்கினார்கள். புது வீட்டில் நோரீன் குனிந்து நரம்பு தேடும்போது, லூடி கோட்டைக் கழற்றாமல் கதவை அரையாகத் திறந்து வைத்துக்கொண்டு நிலைப்படியில் நிற்பாள். குளிர் உள்ளே வருகிறது என்று வீட்டுக்காரர்கள் முணுமுணுப்பார்கள். இதோ ஆயிற்று என்பாள் லூடி, நகராமல்.